பத்து எண்ணிட்டுப் பேசுங்க

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனால், உள்ளே அகப்பட்டவர்களுக்கு முதலில் கேட்பது ஒரு பெண் குரல்தான். "யாரும் பயப்பட வேண்டாம். காத்து வரும். கயிறு அறாது. கதவுல சாயாம நில்லுங்க, அஞ்சே நிமிஷம்." சொன்னபடி ஐந்தாவது நிமிடம் கதவு விரியும். எண்ணெய்க் கறை படிந்த சட்டையும் இடுப்பில் கருவிப் பையுமாக ஒரு குள்ளமான பெண் கை நீட்டுவாள். வெளியே வந்தவர்கள் மூச்சு வாங்கிவிட்டு, மெக்கானிக் எங்கே என்று அவளிடமே கேட்பார்கள். "சாப்பிடப் போயிருக்காரு" என்பாள், முகம் மாறாமல்.

கம்பெனியில் அவளுக்கு ஸ்பேனரக்கா என்று பெயர். பதினேழு வருட வேலை. கயிறு, பிரேக், கதவுப் பூட்டு, ரிலே எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். மற்றவர்கள் முடித்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பும் அவளுடையதுதான். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு லிஃப்ட் ஓடாது. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். வாயைத் திறக்க யோசிக்கிற மனுஷர். "அப்பாவுக்கும் சேர்த்து அம்மா பேசிடுவாங்க. அம்மாவுக்கும் சேர்த்து அப்பா யோசிச்சிடுவாரு" என்பாள் பதினோராம் வகுப்பு படிக்கும் மகள்.

அவளுடைய நாற்பத்திரண்டாவது வயதில் அது நடந்தது. ஆறு மாடி அலுவலகக் கட்டடம், அடுத்தடுத்து இரண்டு லிஃப்ட். மூன்றாம் மாடியில் நிறுத்திய பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். பாதுகாப்பு பெல்ட்டை ஒரு கொக்கியிலிருந்து கழற்றி அடுத்த கொக்கியில் மாட்டுவதற்குள், அந்த இரண்டு நொடியில், காலடியில் எண்ணெய் வழுக்கியது. பக்கத்து லிஃப்டின் குழிக்குள் போய் விழுந்தாள். தலையின் வலது பக்கம் இரும்புத் தண்டவாளத்தில் மோதியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. அது பிளந்ததால்தான் தலை பிளக்கவில்லை என்றார்கள்.

இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். காலையில் டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு நர்ஸின் முகம். நடுவில் இரண்டு மாதம் காணாமல் போயிருந்தது.

அந்த இரண்டு மாதத்தைப் பார்த்தவர்கள் மூன்று பேர். வீட்டுக்காரர், மகள், அவளுடைய அண்ணன். அண்ணன் நில அளவை அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். மூளை வீங்கியதால் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. சினிமாவில் கண் திறந்தவுடன் பக்கத்தில் இருப்பவர் பேரைச் சொல்லிச் சிரிப்பார்களே, அந்த மாதிரி எதுவும் இல்லை. இருபதாம் நாள் கண் திறந்தது, யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் மெல்லப் பேச்சு வந்தது. அதில் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆஸ்பத்திரியை வேலைக் கட்டடம் என்று நினைத்துக்கொண்டு நர்ஸ்களை அதட்டினாள். "மெயின் சுவிட்சை யாருடா போட்டது? ஆள் உள்ள இருக்கேன்ல." குழாய்களைப் பிடுங்கினாள். கைகளுக்குத் துணி உறை போட்டுக் கட்டிலோடு கட்டினார்கள். அண்ணன் அந்த வராந்தாவை விட்டு நகரவே இல்லை.

மூன்றாம் மாதம் வீட்டுக்கு வந்தாள். நடந்தாள், பேசினாள், மகளை அடையாளம் தெரிந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "தலை தப்பிச்சதே பெரிய விஷயம்" என்றார்கள். உள்ளே என்ன போயிற்று என்று வெளியே தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தது மகள்தான். அம்மா தட்டில் வலது பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் காய் வெச்சீங்க, எனக்கு மட்டும் வெறும் சோறா?" காய் இடது பக்கம் அப்படியே இருந்தது. மகள் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். அம்மா காயைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "இப்ப வெச்சுட்டு நல்ல பொண்ணு மாதிரி நிக்காத" என்றாள்.

கண்ணில் கோளாறு இல்லை. மூளையின் வலது பக்கம் அடிபட்டதால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது. சட்டையின் இடது கையைப் போட மறந்தாள். கதவு நிலையில் இடது தோளை இடித்து இடித்து அங்கே நீலம் பூத்திருந்தது. காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். யாராவது "துலக்கு" என்று சொன்னால்தான் கை நகரும். நாலு பேர் சேர்ந்து பேசினால் தலைக்குள் இரைச்சல் ஏறி, கையில் இருப்பதை எறிவாள். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிடுவாள். பார்த்துவிட்டுப் போன உறவுக்காரர்களில் சிலர் சோம்பேறியாகிவிட்டாள் என்றார்கள். சிலர், வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்றார்கள். அவளோ, "எனக்கு ஒண்ணுமில்ல, திங்கட்கிழமை டியூட்டிக்குப் போறேன்" என்று தினமும் சொன்னாள். செவ்வாய்க்கிழமையும் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "நல்லா தூங்கறாங்களா? சாப்பிடறாங்களா?"

"என்னைக் கேளுங்க" என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி அவரிடம் திரும்பினார். "கோபம் எப்படி இருக்கு?"

"இப்ப வந்துக்கிட்டிருக்கு" என்றாள் அவள். "டாக்டர், அடி என் தலையில. தூக்கம் என்னோடது. இவர் லென்ஸ் தீட்டறவரு. கண்ணாடியப் பத்தி எதுவும் கேக்கணும்னா இவரைக் கேளுங்க."

அன்று பேருந்தில் வரும்போது வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தார். விபத்துக்கு அப்புறம் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தச் சிரிப்பு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு மதியம் அடுப்பின் இடது பக்கத்து பர்னரைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனாள். அதன்மேல் வைத்த பாத்திரம் கருகி, திரைச்சீலையில் தீப் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடி வந்து தண்ணீர் ஊற்றினார். அடுத்த வாரம் தெருமுனைக் கடைக்கு என்று போனவள் மூன்று மணி நேரம் வரவில்லை. திரும்பும்போதெல்லாம் வலது பக்கமே திரும்பி, அதே நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள்.

வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் முடியாது, மகள் பள்ளிக்கூடம் போகாமல் முடியாது. அண்ணன் ஒரு தாழ்ப்பாளும் பூட்டும் வாங்கிக் கொண்டுவந்தார். காலை பத்து முதல் நாலு வரை வாசல் கதவை வெளியே பூட்டினார்கள். அடுப்பின் கேஸை மூடி, கருவிப் பையை எடுத்துப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் அவளுக்கு அது உறைக்கவில்லை. மூன்றாம் நாள் கதவை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அப்போது உள்ளே என்னமோ கொதித்தது என்று பின்னாளில் சொல்வாள். "மத்தவங்கள வெளிய எடுத்தே பதினேழு வருஷம் சோறு தின்னவ நான். என்னை உள்ள வெச்சுப் பூட்டறாங்க."

பூட்டு இடது பக்கம். கதவுக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. வலது பக்கம் மூன்று கீல் தெரிந்தது. உள்பக்கம் திறக்கும் கதவு, கீலின் ஊசி உள்ளேதான் இருக்கும். தையல் மெஷின் டப்பாவில் ஒரு சின்னத் திருப்புளி கிடைத்தது. சுத்தியலுக்குப் பதில் ஒரு இரும்புக் கரண்டி கிடைத்தது. முதலில் கதவின் அடியில் மகளின் பாடப் புத்தகங்களைச் செருகி எடையைத் தாங்கவைத்தாள். அப்புறம் கீழ்க் கீல், நடுக் கீல், கடைசியாக மேல் கீல். யோசித்துச் செய்யவில்லை, யோசிக்கப் போயிருந்தால் பாதியில் நின்றிருப்பாள். கை தானாகப் போயிற்று. இடது கையில் வலு இல்லாததால் தோளைக் கொடுத்தாள். முன்பு பத்து நிமிட வேலை, இப்போது ஒன்றரை மணி நேரம். கதவின் வலது ஓரம் நிலையை விட்டுக் கழன்று உள்பக்கம் விலகியது. ஓர் ஆள் புகுகிற இடைவெளி.

எங்கேயோ போகத்தான் கழற்றினாள். எங்கே என்பது அதற்குள் மறந்துவிட்டது, உடம்பும் ஓய்ந்துவிட்டது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா வாசலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இடுப்புவரை வெளியே, கால்கள் உள்ளே, இறுக மூடிய கையில் மூன்று ஊசிகள். பூட்டு பூட்டினபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கதவைப் பார்த்தார். கீலுக்குக் கீழே அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தார். "எடையைத் தாங்காம எதையும் கழட்டக் கூடாதுன்னு சொல்லுவா" என்றார் மகளிடம். "அது மறக்கல பாரு."

வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் ஓர் இளம் பெண். கதவுக் கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விளக்கினாள். "நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா உங்களால சொல்ல முடியல. ஆனா கை தொழில மறக்கல. ரெண்டும் மூளையில வேற வேற இடம், அக்கா. மூளை ரொம்ப மெத்துனு இருக்கும். நீங்க விழுந்தப்ப மண்டை நின்னுடுச்சு, மூளை நிக்கல, உள்ளேயே முறுக்கிக்கிச்சு. மெல்லிய நரம்பு இழையெல்லாம் இழுபட்டுப் போச்சு."

"ஒயர் மாதிரி" என்றாள் அவள் மெதுவாக. "மேல ரப்பர் நல்லா இருக்கும். உள்ள கம்பி அறுந்திருக்கும்."

"அதேதான்."

"ஆனா எனக்கு ஒண்ணுமில்ல."

தெரபிஸ்ட் வாதாடவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தாள். "ஆறு மாடி லிஃப்ட்டோட பட்டன் பலகை. ரெண்டு வரிசை. வரைஞ்சு காட்டுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டே வரையக்கூடியது அது. பலகையை வரைந்தாள். இரண்டு, நாலு, ஆறு என்று வலது வரிசையில் எழுதினாள். பேனாவை மூடிவிட்டாள்.

"முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுது."

"அப்ப மூணாவது மாடிக்குப் போறவங்க என்ன செய்வாங்க?"

அவள் தாளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "படியேறிப் போகட்டும்" என்றாள்.

ஆனால் தெரபிஸ்ட் போன பிறகும் அந்தத் தாளை அவள் கீழே வைக்கவில்லை. சாயங்காலம் மகள் அதை எடுத்து மெல்ல வலது பக்கமாக நகர்த்தி, காலியாக இருந்த இடத்தில் அம்மாவின் விரலைப் பிடித்து வைத்தாள். "இங்கதான் ஒண்ணு, மூணு, அஞ்சு இருக்கணும்மா." விரல் காலியிடத்தில் அப்படியே நின்றது. பதினேழு வருடம் பார்த்த பலகை. அவள் அழுதாள். விழுந்ததற்கு அதுவரை அவள் அழுததே இல்லை.

அந்த அழுகையோடு அவள் அடங்கிவிடுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் வேறு மாதிரி ஆரம்பித்தாள். மறுநாள் மகளிடம் சிவப்பு டேப் வாங்கிவரச் சொன்னாள். தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த உபாயம்: சாப்பாட்டு மேசையின் இடது ஓரம், ஒவ்வொரு கதவின் இடது நிலை, கண்ணாடியின் இடது விளிம்பு எல்லாவற்றிலும் சிவப்பு ஒட்டினார்கள். சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் திருப்ப வேண்டும். வீடு முழுக்க அவள், "சிவப்பு எங்கடி, எங்க ஒளிஞ்சிருக்க" என்று திட்டிக்கொண்டே திரிந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கூடத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். அவர் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "மூளை அடிபட்டவங்களுக்குன்னே நடத்தறாங்க, மாப்பிள்ளை. தோட்டம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க. நீங்க நிம்மதியா வேலைக்குப் போகலாம். பொண்ணு படிப்பும் கெடாது."

"அவளுக்குப் பிடிக்கணுமே, மச்சான்."

"அவளுக்கு என்ன தெரியும் இப்ப? கதவையே கழட்டறா. நாளைக்கு…"

"மாமா, அம்மா இங்கதான் இருக்காங்க."

"நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசறோம்."

தங்கைக்கும் சொல்ல ஒன்று இருந்தது. முதல் வாக்கியம் தயாராவதற்குள் பேச்சு தோட்டத்தைத் தாண்டி நர்ஸுக்குப் போனது. நர்ஸுக்குப் பதில் தேடுவதற்குள் படிப்புக்குப் போனது. ஓடுகிற பேருந்தில் ஏறப் பார்க்கிற மாதிரி இருந்தது. தலைக்குள் இரைச்சல் ஏறியது. கை டம்ளரைத் தேடியது. எறியப் போகிறாள் என்று வீட்டுக்காரர் எழுந்தார். அவள் டம்ளரை எடுத்து மேசைமேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். எல்லோரும் நின்றார்கள்.

"ஒருத்தர் பேசி முடிச்சா, பத்து எண்ணிட்டுத்தான் அடுத்தவங்க பேசணும்" என்றாள். "அப்பதான் எனக்கு முறை வரும். இல்லன்னா வராது. நீங்க பேசிக்கிட்டே போறீங்க."

"இது என்ன விளையாட்டு…" என்று ஆரம்பித்தார் அண்ணன்.

மகள் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஏழு, எட்டு. அண்ணன் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பத்து.

"எனக்கு அடிபட்டிருக்கு" என்றாள் அவள். "போன வாரம் வரைக்கும் தெரியாது. இப்ப தெரியும். பாதி உலகம் எனக்கு விட்டுப் போகுது. அடுப்பு மறக்குது. அடுப்பு எனக்கு வேணாம். நானே சொல்றேன், சமையல்கட்டுப் பக்கம் தனியா போகமாட்டேன். ஆனா கதவு எனக்கு வேணும்."

மகள் எண்ணினாள். பத்து ஆனதும் அண்ணன் கேட்டார். "இந்தப் பிடிவாதம் நீ பேசறியா, இல்ல அந்த அடி பேசுதா? எனக்குப் புரியல. நிஜமாவே புரியல."

அதற்குப் பத்து போதவில்லை. மகள் பதினான்குவரை எண்ணினாள்.

"ரெண்டும் என்னோடதுதான், அண்ணா. ஒண்ண மட்டும் உள்ள விட்டு இன்னொண்ண வெளிய நிக்கவைக்க முடியாது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் நாற்காலி போடணும்."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாத மனுஷர் அன்று அழுதார். "உன்னை மறுபடி அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்ல" என்றார். யாரும் எண்ணவில்லை. தங்கை எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகும்போது தன் இடது பக்கம் ஒரு நாற்காலி இருப்பதைப் பார்க்காமல் அதில் இடித்துக்கொண்டாள். "இதுக்கும் சிவப்பு ஒட்டணும்" என்றாள்.

பூட்டு எடுக்கப்பட்டது. கழுத்தில் தொங்கும் அட்டையில் வீட்டு முகவரியும் மூன்று போன் எண்ணும் எழுதிக்கொண்டு அவள் வெளியே போகத் தொடங்கினாள். முதலில் தெருமுனை, அப்புறம் சந்தை. இரண்டு தடவை தொலைந்தாள். இரண்டு தடவையும் அட்டையைக் காட்டி வழி கேட்டு வந்து சேர்ந்தாள். "பாவம்" என்று சொன்ன ஒரு பெண்மணியிடம், "வழி கேட்டேன், பாவம் கேக்கல" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

பத்தாவது மாதம் கம்பெனிக்குப் போனாள். மேலாளர் நல்ல மனுஷர். எழுந்து நின்று வரவேற்றார். வரவேற்பறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் வேலை தருகிறேன் என்றார். "கஷ்டமே இல்லாத வேலை."

"பத்துப் பேர் ஒரே நேரத்துல பேசற இடம் அது" என்றாள். "அதைவிட என்னைக் குழியில இறக்குங்க. இல்ல, வேணாம், குழிக்கு நானே போகமாட்டேன். எனக்குப் பட்டறையில ஒரு மேசை குடுங்க. கதவுப் பூட்டு ரிப்பேர். தினம் ரெண்டு மணி நேரம்."

மேலாளர் தயங்கினார். ஒரு பழைய கதவுப் பூட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவள் பிரித்தாள், தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றினாள், மின்சாரம் பாயும் தொடுமுனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள், திரும்பப் பொருத்தினாள். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மேலாளர் எடுத்துப் பார்த்தார். இடது ஓரத்து இரண்டு திருகுகள் முடுக்கப்படாமல் இருந்தன. விரலால் காட்டினார்.

அவளுக்கு முகம் சிவந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. "அதனாலதான் சொல்றேன்" என்றாள். "நான் பார்த்த எதையும் இன்னொருத்தர் பார்க்காம வெளிய அனுப்பக் கூடாது. மத்தவங்க வேலைக்கு நான் கையெழுத்துப் போட்டேன். இனிமே என் வேலைக்கு இன்னொருத்தர் போடட்டும். இதை நீங்க சொல்லல, நான் சொல்றேன். எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

பட்டறையின் சுவரோரம், சத்தம் குறைந்த மூலையில் மேசை போட்டார்கள். அவளே அதன் இடது விளிம்பில் டேப் ஒட்டினாள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பதினோரு மணிக்கு மூளை கடையைச் சாத்திவிடும். பத்தேமுக்காலுக்கே எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீடு போய்ச் சேரும் தெம்பு இருக்காது. ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு தப்பு அகப்பட்டது. இப்போது மாதத்துக்கு ஒன்று. நாள் கெட்டிருந்தால் இன்னும் கருவிகளை எறிவாள். பிறகு போய்ப் பொறுக்கி வைத்து மன்னிப்புக் கேட்பாள். கேட்டது மறந்துபோய் இன்னொரு தடவையும் கேட்பாள்.

வீட்டுக்காரர் ஒருநாள் அவளை அழைத்துவரப் பட்டறை வாசலுக்கு வந்திருந்தார். பேருந்துக்காக நின்றபோது, கீழே பார்த்தபடி சொன்னார். "தப்பா நெனக்காத. சில நேரம் பழைய நீ வேணும்னு இருக்கு எனக்கு. வாசல்ல நுழையும்போதே சத்தமா ஒரு கதை சொல்லிக்கிட்டு வருவியே, அது."

முன்பு பேசவே யோசித்தவர்; எண்ணிப் பேசும் வீட்டில் இப்போது அவர்தான் அதிகம் பேசுகிறார். ஒரு பேருந்து வந்து போயிற்று.

"எனக்கும் அவளப் பிடிக்கும்" என்றாள். "நல்ல ஆளு. நானும் தேடிப் பார்த்தேன், வரல. அவளுக்காக அழணும்னா அழுங்க, நானும் கூட உக்காந்து அழறேன். ஆனா அழுதுட்டு என்னைப் பாருங்க. வந்தவ நான்தான்."

அவர் தலையசைத்தார். அடுத்த பேருந்தில் ஏறினார்கள். உட்கார்ந்தவுடன் அவள் தூங்கிவிட்டாள்.

அவள் பட்டறைக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. போன மறுபரிசோதனையில் டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, இனிமேல் பெரிய முன்னேற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவளிடமே சொன்னார். அவள் பத்து எண்ணினாள். "நீங்க எதிர்பார்க்க வேணாம். நான் எதிர்பார்த்துக்கறேன்" என்றாள். பட்டறையில் தினம் இன்னொரு மணி நேரம் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறாள். பதினோரு மணிக்கு மேல் உங்களால் முடியாது என்கிறார் அவர். நடுவில் அரை மணி நேரம் தூங்க ஒரு பாய் போடுங்கள் என்கிறாள் இவள். கம்பெனியில் பாய் போட விதி இல்லையாம். விதி எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று தினமும் போய் நிற்கிறாள்.